ஊற்றுவதற்கு முன் பாருங்கள்: வீட்டில் மூக்குக் குழாய் உணவு

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை உண்டு, காலையும் இரவும் இன்சுலின் போடுகிறோம். ஐந்து வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறுகிறது, விழுங்க முடியவில்லை. மூக்கில் டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் அம்மாவும்தான் பார்த்துக்கொள்கிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கஞ்சி, பால், இளநீர், சாத்துக்குடி ஜூஸ் என்று மாற்றி மாற்றி ஊற்றுகிறோம். ராத்திரி 2 மணிக்கும் அம்மா எழுந்து கொடுக்கிறார். ஆறு மாத்திரைகளையும் இடித்துக் கஞ்சியில் கலந்துவிடுகிறோம். டியூப் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. போன வாரம் அப்பா தூக்கத்தில் டியூபைக் கொஞ்சம் இழுத்துவிட்டார், அம்மா உள்ளே தள்ளி பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். மூன்று நாளாக ராத்திரியில் இருமல். ஆள் மெலிந்துகொண்டே போகிறார். "ஒரு வாய் காபி கொடுத்தா என்ன" என்று அம்மா அழுகிறார். நாங்கள் செய்வது சரிதானா? டியூபை எப்போது எடுப்பார்கள்?
ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எத்தனையோ விஷயங்கள் இருந்தன. ஆனால் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை உட்காரவிடவில்லை: "அம்மா உள்ளே தள்ளி பிளாஸ்டர் ஒட்டிவிட்டார்." அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே உங்களை அழைத்து, இனி ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம், இன்சுலினை என்ன செய்வதென்று டாக்டரைக் கேளுங்கள், உடனே போய் எக்ஸ்ரே எடுங்கள் என்றேன். எடுத்துப் பார்த்தால் குழாயின் நுனி இரைப்பையில் இல்லை. உணவுக்குழாயிலேயே, நெஞ்சு உயரத்தில் மடிந்து கிடந்தது. ஊற்றியதில் ஒரு பங்கு மேலேறித் தொண்டைக்கு வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருக்கிறது. மூன்று நாள் இருமலுக்கு அதுதான் காரணம். நல்லவேளை, சீக்கிரம் தெரிந்தது. புதுக் குழாய் போட்டாகிவிட்டது, சளிக்கு மருந்தும் ஓடுகிறது.

உங்கள் அம்மாவை யாரும் குறை சொல்லாதீர்கள். குழாயோடு வீட்டுக்கு அனுப்பும்போது இதை உட்கார்ந்து சொல்லித்தருவது எங்களைப் போன்ற செவிலியர்களின் வேலை. சொல்லித்தராதது எங்கள் பக்கத்துத் தவறு. 26 வருடம் வார்டில் இருந்துவிட்டு, இப்போது வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கிறேன். பத்து வீட்டில் ஏழெட்டு வீட்டில் இதே குழப்பங்கள்தான். அதனால் மற்ற குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் குழாய் எங்கே இருக்கிறது என்பது. ரைல்ஸ் டியூப் என்று நாம் சொல்கிற இந்தக் குழாய் மூக்கில் நுழைந்து, தொண்டையைத் தாண்டி, உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்குப் போகிறது. தொண்டையில் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. பக்கவாதத்தில் தொண்டையின் உணர்வு மழுங்கிப்போனவருக்குக் குழாய் தவறான வழியில் போனாலும் புரையேறாது, இருமல்கூட வராமல் போகலாம். வெளியே வந்ததை உள்ளே தள்ளும்போது அது நேராகத்தான் இறங்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சுருளலாம், மடங்கலாம், மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். ஆகவே, பாதி வந்த குழாயை வீட்டில் யாரும் தள்ளக் கூடாது. அது இருக்கிற இடத்திலேயே பிளாஸ்டர் ஒட்டி, ஊற்றுவதை நிறுத்திவிட்டு, செவிலியரை அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் இருமித் திணறினால், குழாயை மடித்துப் பிடித்து முழுசாக வெளியே இழுத்துவிடுங்கள். வெளியே வந்துவிட்ட குழாயால் ஆபத்தில்லை. பாதியில் நிற்கும் குழாயில் ஊற்றுவதுதான் ஆபத்து.

அப்படியானால் தினமும் எப்படித் தெரிந்துகொள்வது? புதுக் குழாய் போட்டு எக்ஸ்ரேயில் சரி என்று சொன்ன அன்றே, மூக்குத் துவாரத்தை ஒட்டிக் குழாயின் மேல் அழியாத மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மூக்கிலிருந்து குழாயின் வெளிமுனை வரை இன்ச் டேப்பால் அளந்து, அந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு தடவை ஊற்றும் முன்னும் கோட்டைப் பாருங்கள். கோடு மூக்கை விட்டு ஒரு விரல்கடை தள்ளியிருந்தால்கூட அந்த வேளை ஊற்ற வேண்டாம். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள், தொண்டையில் குழாய் சுருண்டிருந்தால் தெரியும்.

கோடு சரியாக இருந்தால் அடுத்து, பெரிய சிரிஞ்சால் மெதுவாக உறிஞ்சிப் பாருங்கள். இரைப்பையிலிருந்து வருவது தண்ணீர் போலவோ, இளமஞ்சளாகவோ, லேசான பச்சையாகவோ இருக்கும். இல்லையென்றால் முன்பு கொடுத்த பால் திரிந்து தயிர்த் துணுக்குகளாக வரும். அமிலத்தின் அளவைக் காட்டும் பிஎச் காகிதம் வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அதில் ஒரு சொட்டு வைத்தால் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும், அதுதான் இரைப்பையின் அமிலம். வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அமிலம் குறைந்திருக்கும், எண் கொஞ்சம் ஏறலாம். உங்கள் அப்பாவுக்கு அந்த மாத்திரை இருப்பதால், அவருக்கு வழக்கமாக என்ன எண் வருகிறது என்று எக்ஸ்ரே எடுத்த நாளிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சினால் எதுவும் வரவில்லையா? இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் ஊற்ற வேண்டாம். ஒரு வேளை பட்டினியால் யாரும் போய்விட மாட்டார்கள். நுரையீரலுக்குள் போகும் ஒரு கிண்ணம் கஞ்சிதான் உயிரை எடுக்கும்.

காற்றை அடித்து, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்து "குளுக்" சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு பெரியவருக்குக் குழாய் போட்டு, காற்றடித்து, சத்தம் கணீரென்று கேட்டு, "சரியாக இருக்கிறது" என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். அவர் நிறம் எனக்கு என்னவோ போல இருந்தது, இருமவில்லை, ஆனால் மூச்சு வேகமாக ஓடியது. மூத்த சிஸ்டர் ஒருவர் "எதற்கும் எக்ஸ்ரே பார்" என்றார். குழாய் வலது நுரையீரலில் இருந்தது. அங்கே அடித்த காற்றின் சத்தம் வயிறு வரை கேட்டிருக்கிறது. பால் டம்ளர் என் கையில் இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த டம்ளரின் சூடு நினைவிருக்கிறது. பிரிட்டனில் 2005ஆம் ஆண்டிலேயே இந்தக் காற்றுச் சோதனையை நம்ப வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். குழாயின் முனையைத் தண்ணீரில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான், அதையும் நம்பாதீர்கள்.

சரி, குழாய் சரியான இடத்தில் இருக்கிறது. இப்போது அவரை எழுப்பி உட்கார வையுங்கள். தலைக்குக் கீழே ஒற்றைத் தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும், உடம்பு எழும்பாது. இடுப்பிலிருந்து மேல் உடம்பு முழுதும் சாய்வாக நிமிர வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டில் வாங்க வசதியில்லாத வீடுகளில் நான் சொல்லும் வழி: ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து, அதன் முதுகுப் பக்கம் சரிவாக வரும்படி மெத்தைக்கு அடியில் தலைமாட்டில் வைத்து, மேலே தலையணைகளை அடுக்கிவிடுங்கள். ஈசிசேரில் சாய்ந்திருப்பது போல வரும். அவர் சரிந்து சரிந்து கீழே வருவார், முழங்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வை வைத்தால் நிற்பார். ஊற்றி முடித்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் துடைப்பது, துணி மாற்றுவது, திருப்பிப் படுக்க வைப்பது எதுவும் வேண்டாம். அதையெல்லாம் ஊற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழாயின் மூடியைத் திறக்கும் முன் குழாயை மடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காற்று உள்ளே போய் வயிறு உப்பிக்கொள்ளும். சிரிஞ்சின் பிஸ்டனை எடுத்துவிட்டு, வெறும் குழலை மட்டும் பொருத்தி, முதலில் 30 மில்லி தண்ணீர். அது தடையில்லாமல் இறங்கினால் உணவை ஊற்றி மடிப்பை விடுங்கள். சிரிஞ்ச் அவர் நெற்றிக்கு ஒரு சாண் மேலே இருந்தால் போதும். வேகமாக இறங்கினால் கையைத் தாழ்த்துங்கள், நின்று போனால் கொஞ்சம் உயர்த்துங்கள். சிரிஞ்சில் அடிமட்டம் தெரிவதற்குள் அடுத்ததை ஊற்றிவிட வேண்டும், நடுவில் காற்று போகக் கூடாது. 250 மில்லி இறங்க 15 முதல் 20 நிமிடம் ஆக வேண்டும். பிஸ்டனை வைத்து அழுத்தி இரண்டே நிமிடத்தில் முடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாம் சாப்பாட்டை அப்படியா விழுங்குகிறோம்? அடுத்த பத்தாவது நிமிடம் வாந்தியாக வந்துவிடும். கடைசியில் மறுபடி 30 மில்லி தண்ணீர் விட்டு மூடியைப் போடுங்கள். நடுவில் அவர் இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ, முகம் நிறம் மாறினாலோ குழாயை மடியுங்கள், நிறுத்துங்கள். முதலில் அவரை நிமிர்த்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்து, மெலிந்துகொண்டே போகிறார் என்றீர்கள். இது நான் மிகவும் கவலைப்படும் விஷயம், ஏனென்றால் வீட்டில் யாருக்கும் இது பட்டினி என்றே தோன்றாது. நாளெல்லாம் ஊற்றிக்கொண்டுதானே இருக்கிறோம்? நீங்கள் தொலைபேசியில் சொன்ன கணக்கை அன்றே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். இரண்டு தம்ளர் பால், மூன்று தம்ளர் நீர்த்த அரிசிக்கஞ்சி, ஒரு சாத்துக்குடி ஜூஸ், ஒரு இளநீர், அப்புறம் ரசத் தண்ணீர், பருப்புத் தண்ணீர். எல்லாம் சேர்ந்து 600 கலோரியை எட்டினாலே அதிகம். புரதம் 20 கிராம்கூட இல்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 1500 முதல் 1800 கலோரி, 60 முதல் 70 கிராம் புரதம் வேண்டும். அதாவது மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போயிருக்கிறது. பருப்புத் தண்ணீரில் பருப்பு இல்லை என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சத்து அடியில் தங்கிவிடுகிறது, நாம் மேலே தெளிந்ததை எடுத்துக்கொள்கிறோம்.

கஞ்சியைக் கெட்டியாக்கினால் குழாய் அடைக்கும், நீர்த்தால் சத்தில்லை. இந்தச் சிக்கலுக்கு நம் வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது: முளைகட்டிய ராகி. முளைக்கும்போது தானியத்தில் உருவாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால், அதே அளவு மாவுக்குக் கஞ்சி நீர்க்கவே இருக்கும், ஆறினாலும் களியாகாது. 200 மில்லி பாலில் ஒரு மேசைக்கரண்டி முளைகட்டிய ராகி மாவைக் காய்ச்சி, இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயும் சேர்த்தால் ஏறத்தாழ 270 கலோரி, 12 கிராம் புரதம் வந்துவிடும். இன்னொரு வேளைக்கு 20 கிராம் அரிசி, 20 கிராம் பாசிப்பருப்பு, ஒரு துண்டு கேரட் குக்கரில் குழைய வேகவைத்து, வேகவைத்த முட்டை ஒன்று சேர்த்து, மிக்சியில் நைசாக அரைத்து, ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, தேவையான வெந்நீர் கலந்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் கொடுக்கும் வழக்கம் வேண்டவே வேண்டாம், கிருமித் தொற்று வரும். ஒரு நாளில் மூன்று வேளை இப்படி வீட்டு உணவு, மூன்று வேளை மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபீட் பவுடர். சர்க்கரை உள்ளவர்களுக்கென்று தனி வகை உண்டு. பவுடரை டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் கலக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்கத் தண்ணீரைக் கூட்டினால் அந்தக் காசும் வீண்தான்.

ஆனால் நாளைக்கே 600ஐ 1600 ஆக்கிவிடாதீர்கள். ஐந்து வாரம் குறைவாகவே பழகிய உடம்பில் திடீரென்று உணவை ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் சரிந்து இதயம் தடுமாறலாம். டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, ஐந்தாறு நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். உணவு கூடும்போது இன்சுலின் அளவையும் அவர்தான் மாற்றித்தர வேண்டும். படுத்திருப்பவரை எடை பார்க்க முடியாது, அதனால் விழாத கையின் புஜத்தை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், வாரம் ஒரு தரம் அதே இன்ச் டேப்பால் அளந்து எழுதுங்கள். தேறுகிறாரா என்று அது சொல்லும்.

அரைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் கெட்டுவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் அன்றைக்குள் முடித்துவிடுங்கள். கொடுக்கும்போது வெதுவெதுப்பாக, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். சூடு அவருக்குத் தொண்டையில் தெரியாது. நேராக இரைப்பையில்தான் சுடும்.

இனி மருந்து. ஆறு மாத்திரையையும் ஒன்றாக இடித்துக் கஞ்சியில் கலந்தால் குழாய் அடைக்காமல் என்ன செய்யும்? அதைவிடப் பெரிய விஷயம், கஞ்சியில் பாதி அடைத்து நின்றால் எந்த மருந்து எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாகப் பவுடராக்கி, 15 மில்லி தண்ணீரில் கரைத்து, ஒன்று கொடுத்துத் தண்ணீர் விட்டு அடுத்ததைக் கொடுங்கள். அட்டையில் எஸ்ஆர், இஆர், எக்ஸ்எல், சிஆர் என்று எழுத்துகள் இருந்தால் அந்த மாத்திரையை இடிக்கவே கூடாது. நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்ய வேண்டியது, இடித்தால் ஒரே நேரத்தில் மொத்தமும் இறங்கிவிடும். வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் பான்டோபிரசோல் மேலே பூச்சுள்ளது. இடித்தால் இரைப்பை அமிலத்திலேயே வீணாகிவிடும். ஆஸ்பிரினிலும் பூச்சுள்ள வகை உண்டு, கரையும் வகையும் உண்டு. வலிப்புக்கு ஃபெனிடாயின் கொடுத்திருந்தால் அதற்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் உணவு வேண்டாம், சேர்ந்து போனால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. ஆறு அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போய், "அப்பாவுக்கு ரைல்ஸ் டியூப் இருக்கிறது, இதில் எதை இடிக்கலாம், எதற்குச் சிரப் கிடைக்கும்" என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்கும்போது குழாய் இருப்பது பல நேரம் அவர்கள் நினைவில் இருப்பதில்லை.

குழாய் அடைப்புக்கு இன்னொரு காரணம் சாத்துக்குடி. பாலுக்குப் பின் தண்ணீர் விடாமல் புளிப்புச் சாறு ஊற்றினால் குழாய்க்குள்ளேயே பால் திரிந்து கட்டிக்கொள்ளும். சர்க்கரை உள்ளவருக்கு அந்த ஜூஸ் எப்படியும் வேண்டாம். அடைத்துவிட்டால் பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெதுவாகத் தள்ளி, மெதுவாக இழுத்து, மறுபடி தள்ளிப் பாருங்கள். தண்ணீரைக் குழாயில் விட்டு பத்து நிமிடம் ஊற விடலாம். சின்ன சிரிஞ்சால் பலமாக அழுத்தக் கூடாது, அழுத்தம் அதிகமாகிக் குழாய் கிழியும். கம்பி விட்டுக் குத்துவதும், கோலா ஊற்றுவதும் வேண்டாம். வரவில்லையென்றால் புதுக் குழாய்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்சுலினைப் போட்டுவிட்டு அப்புறம் குழாயைப் பார்த்தால், குழாய் அடைத்திருந்தால் அல்லது கழன்றிருந்தால் என்ன ஆகும்? சர்க்கரை சர்ரென்று இறங்கிவிடும். எனவே முதலில் குழாயைச் சோதித்து, 30 மில்லி தண்ணீர் இறங்குவதைப் பார்த்த பிறகே ஊசி. தப்பித்தவறி ஊசி போட்ட பிறகு உணவு கொடுக்க முடியாமல் போனால், வியர்த்துச் சோர்ந்தாலோ, குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே காட்டினாலோ, வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். 108ஐ அழையுங்கள்.

அப்பா ஏன் குழாயை இழுத்தார் என்று யோசித்தீர்களா? பெரும்பாலும் அரிப்பு. வியர்வையில் ஊறின பிளாஸ்டர், மூக்குக்குள் காய்ந்த சளி, ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திச் சிவந்த தோல். தினமும் பிளாஸ்டரை எடுத்து, மூக்கின் மேல் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு புதுசு ஒட்டுங்கள். ஒட்டும்போது குழாய் மூக்கின் ஓரத்தை மேலே இழுத்துப் பிடிக்காமல் தளர்வாகத் தொங்க வேண்டும். மீதியைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டையின் பின்பக்கத் தோளில் பிளாஸ்டரால் நிறுத்திவிட்டால் கைக்கு எட்டாது. வேட்டித் துணியால் கையைக் கட்டிலோடு கட்டாதீர்கள். பேச முடியாத மனிதருக்கு அந்த ஒரு கைதான் பேச்சு. ராத்திரி மட்டும் கையுறை போல ஒரு பருத்தித் துணிப் பையை மாட்டிவிடலாம்.

காபி விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அம்மா, நாற்பது வருடம் காலையில் எழுந்ததும் அவருக்குக் காபி கலந்து கொடுத்த கை உங்களுடையது. அந்தக் கை இப்போது சிரிஞ்சைப் பிடித்திருப்பது எவ்வளவு வேதனை என்று தெரியும். ஆனால் விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாதவருக்குக் காபி போன்ற நீர்ப்பொருள்தான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். கெட்டியானதைவிட வேகமாக ஓடித் தொண்டை சுதாரிப்பதற்குள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இருமல் வரவில்லையே, அப்படியானால் நன்றாகத்தானே விழுங்குகிறார் என்றும் நினைக்கக் கூடாது. சத்தமே இல்லாமல் உள்ளே போகும், நாலாம் நாள் காய்ச்சலாகத்தான் தெரியும். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட், அவரது விழுங்கும் திறனைச் சோதித்துச் சொல்லும்வரை ஒரு ஸ்பூன்கூட வேண்டாம்.

இந்தச் சோதனையை ஐந்து வாரமாக யாரும் செய்யவில்லை என்று சொன்னீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் நாட்களில் விழுங்குவதில் சிரமம் இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. அப்பாவுக்கும் திரும்பிக்கொண்டிருக்கலாம், யாரும் பார்க்காததால் தெரியாமல் இருக்கலாம். தஞ்சாவூர், திருவாரூர் என இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உங்களுக்குப் பக்கம். காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள், அங்கிருந்து ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்புவார்கள். இந்த வாரமே போங்கள். அந்தத் தெரபிஸ்ட் சம்மதித்தால் காபியில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் நாக்கைத் துடைத்துவிடலாம், மணமும் ருசியும் கிடைக்கும், இறங்குவதற்கு எதுவும் இருக்காது. அம்மா கையாலேயே செய்யட்டும்.

அதுவரை வாயைச் சுத்தமாக வைத்திருப்பதே பெரிய வைத்தியம். வாயால் சாப்பிடாதவருக்குப் பல் தேய்க்க என்ன இருக்கிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சாப்பிடாத வாயில்தான் கிருமி அதிகம் சேரும், அந்த எச்சில் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. காலையும் இரவும் நிமிர்த்தி உட்கார வைத்து மென்மையான பிரஷால் துலக்கி, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

டியூபை எப்போது எடுப்பார்கள் என்பதற்குப் பதில் அந்தச் சோதனையில்தான் இருக்கிறது. விழுங்குவது திரும்பிவிட்டால் கெட்டியான உணவை வாயால் பழக்கி, அது போதுமான அளவு ஆனதும் எடுத்துவிடுவார்கள். அதுவரை சாதாரண பிவிசி குழாயை இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும், மாற்றும்போது மறு மூக்கில் போடச் சொல்லுங்கள். சிலிகான் அல்லது பாலியூரித்தேன் குழாய் ஒரு மாதம், ஒன்றரை மாதம் தாங்கும், மெல்லியது, உறுத்தல் குறைவு. இன்னும் சில வாரத்திலும் விழுங்குவது திரும்பவில்லை என்றால் பெக் குழாய் பற்றி டாக்டர் பேசுவார். வயிற்றில் சின்னத் துளை வழியாக நேரே இரைப்பைக்குப் போகும் குழாய். வயிற்றைக் கிழிப்பதா என்று பயப்பட வேண்டாம், எண்டோஸ்கோப்பி மூலம் செய்வது. 1979-80இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் முதலில் குழந்தைகளுக்காகக் கண்டுபிடித்த முறை. மூக்கு விடுதலையாகும், இழுத்துவிடும் தொல்லையும் குறையும். விழுங்குவது பிறகு திரும்பினால் அதையும் எடுத்துவிடலாம்.

குழாய் மாற்ற ஒவ்வொரு தடவையும் காரில் தூக்கிக்கொண்டு போக முடியாது என்றீர்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரங்களும் உண்டு: காய்ச்சலோடு மூச்சு வாங்குவது, உறிஞ்சும்போது காபித்தூள் நிறத்திலோ ரத்தமாகவோ வருவது, வயிறு கல் போல உப்பி வாந்தி எடுப்பது, கரியைப் போன்ற மலம், வழக்கத்தைவிட ஆழ்ந்த மயக்கம். இவற்றில் எதுவானாலும் குழாயில் எதுவும் ஊற்றாமல் கிளம்புங்கள். உறிஞ்சும்போது பழைய உணவே 200 மில்லிக்கு மேல் வந்தால் அது அவ்வளவு அவசரமில்லை. அதைத் திரும்ப உள்ளேயே விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் டாக்டரைக் கேளுங்கள்.

கடைசியாக அந்த ராத்திரி 2 மணிக் கஞ்சி. காலை 6, 9, பகல் 12, 3, மாலை 6, இரவு 9 என்று ஆறு வேளை 250 மில்லி கொடுத்தால் ஒரு நாளைக்கு வேண்டியது அதிலேயே அடங்கிவிடும். தூக்கக் கலக்கத்தில், அரை வெளிச்சத்தில், படுத்தபடியே கொடுக்கும் அந்த ஒரு வேளையில்தான் கோட்டையும் பார்க்க மாட்டோம், நிமிர்த்தவும் மாட்டோம். இரவு இன்சுலினை இந்த நேரத்துக்கு ஏற்ப மாற்றித்தரும்படி டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அந்த 2 மணிக் கஞ்சியை நிறுத்திவிடுங்கள். 9 மணிக்குக் கொடுத்து, 10 மணி வரை சாய்த்து வைத்திருந்து, அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள். காலை 6 மணிக்கு எழுந்தால் போதும்.